1 முதல் 3ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கல்லும் கனிமமும்: சேலத்துக் கற்களை வைத்தே எப்படிச் சொல்லித் தருவது?

அம்மாபேட்டை டீச்சர்

வணக்கங்க. ஒண்ணு, ரெண்டு, மூணாம் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து 24 பேர். 40 நிமிட வகுப்பு இரண்டு கிடைக்கும், அதற்குப் பிறகு அரைநாள் வெளியே கூட்டிப்போகலாம். கையில் 500 ரூபாய் இருக்கிறது. கேள்விகள் இவைதான்:

ஆன்லைனில் 30 கல் ஒட்டிய அட்டைப்பெட்டி விற்கிறார்கள், அதை வாங்கலாமா? தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று தொடங்குவதா, வேறு வழி உண்டா? வினிகர் ஊற்றிப் பார்க்கும் சோதனையை இந்த வயதில் செய்யலாமா? வெளியே போவதென்றால் கஞ்சமலையா, ஏற்காடா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்க.

கல்லும் மண்ணும்

பெட்டி வேண்டாம் டீச்சர். அதில் இருப்பது நகம் அளவுத் துண்டுகள், அதுவும் பசை போட்டு ஒட்டியவை. கீற முடியாது, கையில் எடுத்து எடை பார்க்க முடியாது, திருப்பி அடிப்பக்கம் பார்க்கவும் முடியாது. பிள்ளைகளுக்கு அது படம் பார்ப்பதுபோலத்தான்.

சேலத்தில் இருந்துகொண்டு கல்லைக் காசு கொடுத்து வாங்குவது வேண்டாத செலவு. ஊரைச் சுற்றி ஒவ்வொரு திசையிலும் வேறுவேறு கல். வடக்கே கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட். மேற்கே கஞ்சமலையில் காந்தம் ஒட்டும் இரும்புக்கல். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் உடம்பு முழுக்கச் சார்னோக்கைட் என்னும் கருங்கல், உச்சியில் மட்டும் சிவப்புத் தொப்பி போல பாக்சைட் என்னும் அலுமினியத் தாது. சங்ககிரிப் பக்கம் சுண்ணாம்புக்கல். வயல்வரப்பில் வெங்கச்சாங்கல், அதுதான் குவார்ட்ஸ். கல்சட்டி செய்கிறவர்களிடம் உடைந்த மாக்கல் துண்டு கேட்டால் கிடைக்கும். மேக்னசைட் பெயரிலேயே நம் ஊரில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது, மேக்னசைட் ஜங்ஷன். பிள்ளைகளிடம் அதைச் சொல்லுங்கள், அடுத்த முறை பலகையைப் பார்க்கும்போது கத்துவார்கள்.

சேகரிக்கும்போது மூன்று விஷயம். சுரங்கத்துக்குள்ளும் காப்புக்காட்டு எல்லைக்குள்ளும் போய் எடுக்கக் கூடாது. வீடு கட்டும் இடத்து ஜல்லிக் குவியல், வயலோரம், ஊர் ஓடை போதும். ரயில் பாதை ஜல்லி பக்கமே போக வேண்டாம். ஒவ்வொரு கல்லும் குழந்தையின் உள்ளங்கையை நிரப்பும் அளவு இருக்கட்டும், 4 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வாயில் போடும்.

வீட்டுக்கு வந்ததும் பழைய பல்துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் வெயிலில் காயவிடுங்கள். பிறகு ஒயிட்னரால் ஒரு பொட்டு, அதன்மேல் பேனாவால் எண், அதற்கு மேல் நிறமில்லாத நகப்பூச்சு. நகப்பூச்சு இல்லாவிட்டால் பத்துப் பிள்ளை கை பட்டதும் எண் போய்விடும். எண் மட்டும் எழுதுங்கள், பெயர் எழுத வேண்டாம். பெயர் எழுதியிருந்தால் பிள்ளை கல்லைப் பார்க்காது, எழுத்தைத்தான் பார்க்கும்.

மூன்று வகைப் பாறையில் தொடங்காதீர்கள். அது கல் எப்படிப் பிறந்தது என்ற கதை, ஆறு வயதுக் கண்ணுக்குத் தெரியாது. முதல் வகுப்பில் நான்கு பேர் கொண்ட ஆறு குழு, குழுவுக்கு ஒரு தட்டு, தட்டில் எட்டுக் கல். "இரண்டு குவியலாகப் பிரி" என்று மட்டும் சொல்லுங்கள். எல்லாக் குழுவும் நிறத்தை வைத்துத்தான் பிரிக்கும். பார்த்துவிட்டு, "இனி நிறத்தைச் சொல்லக் கூடாது, மறுபடி பிரி" என்று சொல்லுங்கள். அப்போதுதான் கை வேலை செய்யத் தொடங்கும்: கனமானது, வழுவழுப்பானது, மினுக்குவது, கோடு போட்டது, பொடி ஒட்டுவது. அந்தச் சொற்களையெல்லாம் பிள்ளைகள் சொன்னபடியே கரும்பலகையில் எழுதுங்கள். கனிமவியல் அங்கே தொடங்கிவிட்டது.

கல்லுக்கும் கனிமத்துக்கும் வித்தியாசம் சொல்ல மிக்சர் போதும். ஒரு கை மிக்சர் என்பது பாறை. அதிலிருக்கும் பூந்தி, ஓமப்பொடி, கடலை ஒவ்வொன்றும் ஒரு கனிமம். உடனே உடைந்த ஜல்லித் துண்டையும் ஒரு பூதக்கண்ணாடியையும் கொடுத்து, "இதில் எத்தனை விதம் இருக்கு, எண்ணு" என்று கேளுங்கள். ஜல்லியின் வெளித்தோல் வெயில் மழையில் பழுத்துப் பழுப்பாக இருக்கும், புதிதாக உடைந்த பக்கத்தைத்தான் காட்ட வேண்டும். அங்கே கருநீலம், எண்ணெய் தடவினாற்போல் ஒரு மினுக்கம், நடுவே திருப்பும்போது பளிச்சென்று அடிக்கும் தட்டையான முகங்கள் தெரியும்.

ஓமலூர்ப் படிகம்

மேலே சொன்னது முழுக்கச் சரி. இரண்டாவது வகுப்புக்கு ஒரே ஒரு புதிர் வையுங்கள்: ஐந்து வெள்ளைக் கல். வெங்கச்சாங்கல், ஃபெல்ஸ்பார் (கருங்கல்லிலும் இருக்கும் ஒரு வெளிர்நிறக் கனிமம்), மேக்னசைட், சங்ககிரிச் சுண்ணாம்புக்கல், வெளிறிய மாக்கல். தூரத்தில் இருந்து பார்த்தால் ஐந்தும் ஒன்றுதான். நிறம் ஏமாற்றும் என்பதை வாயால் சொல்வதைவிட இது ஆழமாக இறங்கும்.

வேண்டிய கருவி: சொந்த நகம், செம்புக் கம்பி, இரும்பு ஆணி, ஒரு பழைய எவர்சில்வர் தட்டு. ஆங்கிலப் புத்தகங்களில் செம்பு நாணயத்தால் கீறச் சொல்வார்கள். நம் ஒரு ரூபாய் செம்பு அல்ல, துருப்பிடிக்காத எஃகு, அதை வைத்துச் செய்தால் கணக்கு தப்பும். எலக்ட்ரிக் கடையில் தடித்த செம்புக் கம்பி அரையடி வாங்கி நுனியை மடக்கிக்கொள்ளுங்கள். கண்ணாடித் துண்டு வேண்டவே வேண்டாம், எவர்சில்வர் தட்டே அந்த வேலையைச் செய்யும்.

மாக்கல்லை நகமே கீறும், கையில் சோப்பு போல வழுக்கும். எண்ணெய் காட்டிப் பழக்கிய கல்சட்டித் துண்டு கருத்திருக்கும், பழக்காத துண்டாகக் கேட்டு வாங்குங்கள். சுண்ணாம்புக்கல்லை நகம் கீறாது, ஆணி சுலபமாகக் கீறும். உடைந்த பக்கம் சர்க்கரைக் கட்டி போலப் பொடிப்பொடியாக மின்னும். மேக்னசைட்டை ஆணி அழுத்திப் போட்டால்தான் கீறும். சேலத்து மேக்னசைட்டைப் பார்த்ததும் அடையாளம் காட்டுவது அதன் உருவம்: காலிபிளவர் மாதிரி மொட்டுமொட்டாக, பீங்கான் போல மங்கலாக, உள்ளே மின்னுகிற மணிகளே இல்லாமல் இருக்கும். வெங்கச்சாங்கல்லையும் ஃபெல்ஸ்பாரையும் ஆணி ஒன்றும் செய்யாது, அவை தட்டைக் கீறும். அந்த இரண்டையும் பிரிக்க வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். ஃபெல்ஸ்பார் படிக்கட்டு போலத் தட்டையாக உடைந்து ஒரு கோணத்தில் கண்ணாடி மாதிரி அடிக்கும். வெங்கச்சாங்கல்லுக்குத் தட்டை முகம் கிடையாது, உடைந்த பாட்டில் போல வளைந்த பள்ளம்தான்.

எல்லா வகுப்பிலும் நடக்கும் தவறு ஒன்று உண்டு. மென்மையான கல்லைத் தட்டில் தேய்த்தாலும் வெள்ளைக் கோடு விழும். பிள்ளை "கீறிடுச்சு" என்று கத்தும். அது கீறல் அல்ல, கல்லின் பொடி. ஈர விரலால் துடைக்கச் சொல்லுங்கள். அழிந்தால் கல் தோற்றது, அழியாமல் நகத்தில் தட்டுப்பட்டால் தட்டு தோற்றது. "கீறலா, பொடியா?" என்பதை வகுப்பு முழுக்கச் சேர்ந்து கேட்கப் பழக்கிவிடுங்கள்.

வினிகர் செய்யலாம். சமையலுக்கு விற்கும் வெள்ளை வினிகர் மட்டும், இங்க் ஃபில்லரில் எடுத்து ஒரு சொட்டு, நீங்களே விடுங்கள், குனிந்து பார்ப்பது அவர்கள் வேலை. கழிப்பறை கழுவும் ஆசிட்டைச் சிலர் பரிந்துரைப்பார்கள், அதை வகுப்பறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். சுண்ணாம்புக்கல்லில் சிறு குமிழி வரும். மெதுவாகத்தான் வரும், ஆணியால் கீறி அந்தப் பொடியின்மேல் விட்டால் நன்றாகத் தெரியும். மேக்னசைட்டும் சுண்ணாம்புக்கல்லைப் போலவே கார்பனேட் வகைதான், ஆனால் குளிர்ந்த வினிகரில் பேசாமல் இருக்கும். இரண்டையும் பிரிக்கும் நல்ல சோதனை அதுவே.

கருப்பூர் மேடுகளுக்கு வெள்ளைக்காரர்கள் சாக் ஹில்ஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அங்கே சாக் கிடையாது. சாக் என்பது சுண்ணாம்புக்கல்லில் ஒரு வகை, அங்கே இருப்பது மேக்னசைட், பள்ளிக்கூட சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம். மூன்றும் மூன்று பொருள். ஜிப்சம் சாக்பீஸ், முட்டை ஓடு, மேக்னசைட் மூன்றிலும் ஒவ்வொரு சொட்டு விட்டால் முட்டை ஓடு மட்டும் பொங்கும். சில டஸ்ட்லெஸ் சாக்பீஸில் சுண்ணாம்புத் தூள் இருக்கும், அது பொங்கிவிடும். முதல் நாளே சோதித்துவிட்டு எடுத்துப்போங்கள்.

அம்மாபேட்டை டீச்சர்

ரொம்ப நன்றிங்க. முன்கூட்டியே செய்து பார்த்ததில் ஒரு குழப்பம். கருங்கல் ஜல்லியில் வினிகர் விட்டால் இரண்டு துண்டில் பொங்கியது, மூன்றாவதில் இல்லை. ஏற்காட்டுச் சிவப்புக் கல்லிலும் குமிழி வந்தது. இவை பொங்கக் கூடாதே?

ஓமலூர்ப் படிகம்

பொங்கியது கல் இல்லைங்க. கட்டட இடத்து ஜல்லியில் சிமென்ட் ஒட்டியிருக்கும், அது வினிகருக்குப் பொங்கும். வயலில் எடுத்த கல் என்றால் சுக்காங்கல் பூச்சு, நம் பக்கத்து மண்ணில் சுண்ணாம்பு கல்லின் அடிப்பக்கம் வெள்ளைத் தோலாகப் படிந்திருக்கும். எப்போதும் புதிதாக உடைந்த முகத்தில்தான் சொட்டு விட வேண்டும்.

சிவப்புக் கல்லில் வந்தது காற்று. பாக்சைட் ஓட்டை ஓட்டையாக இருக்கும், திரவம் உள்ளே போகும்போது காற்று வெளியே வரும். அதனால் முதலில் தண்ணீர்ச் சொட்டு, பிறகு வினிகர்ச் சொட்டு. தண்ணீருக்கும் குமிழி வந்தால் அது காற்றுதான். பிள்ளைகளுக்கும் இதே வரிசையில் செய்து காட்டுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டும் என்பது அவர்களுக்குப் பேச்சில்லாமலே புரியும்.

இரும்பாலை ரோடு

கஞ்சமலைக் கல்லை விட்டுவிடாதீங்க, சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் ராஜா. கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை பட்டையாக இருக்கும். கறுப்பு மேக்னடைட் என்னும் இரும்புத் தாது, வெளுப்பு குவார்ட்ஸ். பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய வளையக் காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, கல்லைப் பக்கத்தில் கொண்டுபோனால் காந்தம் தானாகத் திரும்பும். துருப்பிடித்துச் சிவந்த துண்டு லேசாகத்தான் இழுக்கும், கறுப்பு அதிகமாக இருக்கிற துண்டாகத் தேடி எடுங்க. பொத்தான் மாதிரி இருக்கிற குட்டிக் காந்தம் வேண்டவே வேண்டாம். இரண்டை விழுங்கிவிட்டால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து ஓட்டை போட்டுவிடும்.

இன்னொன்று கறுப்பு மணல். மழை விட்டபின் தெருவோரத்தில் தண்ணீர் ஓடின தடத்தில் கறுப்புக் கோடாக ஒதுங்கியிருக்கும் பாருங்க, அதை ஒரு டப்பா அள்ளி நன்றாகக் காயவையுங்க. காந்தத்தை பாலித்தீன் கவருக்குள் போட்டு மணலில் ஓட்டணும். கறுப்பு முடி முளைத்த மாதிரி ஒட்டும். வேறு தாளுக்கு மேலே கொண்டுபோய் காந்தத்தை மட்டும் வெளியே இழுத்தால் பொடி முழுக்கக் கீழே விழும். கவர் இல்லாமல் நேரடியாக வைத்தால் அந்தப் பொடி காந்தத்தை விட்டு லேசில் போகாது. மணல் ஈரமாக இருந்தால் வெறும் மண்ணும் சேர்ந்து ஒட்டும். கறுப்பாக இருக்கிற எல்லாமும் ஒட்டாது, மிச்சம் இருப்பது வேற கனிமம். அதையும் காட்டுங்க.

எடைக்கு சமையலறை டிஜிட்டல் தராசு போதும். டம்ளரில் தண்ணீர் வைத்து தராசை பூஜ்யம் ஆக்கிட்டு, கல்லை நூலில் கட்டி முழுசாக மூழ்கும்படி பிடிக்கணும், அடியைத் தொடக் கூடாது. தொட்டால் கல்லின் எடையே காட்டிவிடும். இப்போது காட்டுகிற கிராம்தான் கல் அடைக்கிற இடம், கன சென்டிமீட்டரில். 40 காட்டுகிற வெங்கச்சாங்கல்லை வெளியே நிறுத்தால் 106 கிராம் வரும். அதே 40 காட்டுகிற கஞ்சமலைக் கல் அதைவிட நன்றாகவே கூட வரும், இரும்பு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு. வகுத்தல் தெரியாத பிள்ளைக்கு இது போதும்: இடம் ஒன்று, எடை வேறு.

சேலம் உருக்காலை இந்த மலையடிவாரத்தில்தான் இருக்கிறது, ஆனால் இந்தக் கல்லை உருக்குவது இல்லை, அங்கே ஆவது எவர்சில்வர் தகடு. இதைத் தவறாகச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். அதற்கு வெகு முன்பே, 1830இல் பரங்கிப்பேட்டையில் ஹீத் என்பவர் ஆரம்பித்த இரும்பு உலைக்குச் சேலம் பக்கத்துத் தாது போயிருக்கிறது.

அடிவாரம்

அரைநாள் என்றால் ஏற்காடுதான். கஞ்சமலையில் கல்லைப் பார்க்க ஏற வேண்டும், ஆறு வயதுப் பிள்ளைகள் 24 பேரோடு அது ஆகாது. அந்தக் கல்லை வகுப்பறைக்கே கொண்டுவந்துவிடலாம்.

20 கொண்டை ஊசி வளைவுகளில் எங்கேயும் வண்டியை நிறுத்திப் பாறை காட்ட வேண்டாம். சாலைக்காக வெட்டிய சரிவில் கல் உருளும், மழைக்காலத்தில் அதிகம். வண்டிக்குள் இருந்தே "எந்த வளைவு வரை கருங்கல், எங்கே மண் சிவப்பாகிறது?" என்று எண்ணச் சொல்லுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏற்றினால் பாதி வழியில் வாந்திதான், இட்லி இரண்டோடு நிறுத்துங்கள்.

நேராகச் சேர்வராயன் கோயில் மேட்டுக்குப் போங்கள். தட்டையான வெளி, பிள்ளைகளைக் கண்பார்வையில் வைத்துக்கொள்ளலாம். அங்கே செய்ய மூன்று வேலை. தரையில் கிடக்கும் சிவப்புக் கல்லை எடுத்துப் பட்டாணி போன்ற உருண்டைகளைத் தேடுவது. அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அது எங்கே போகிறது என்று பார்ப்பது. பையில் கொண்டுபோன வெங்கச்சாங்கல்லின்மேல் அதே சொட்டு முத்தாக நிற்கும். வாயால் ஆவி ஊதி மோந்து பார்ப்பது, புதுமழை பெய்த மண்வாசம் வரும். நாக்கில் வைக்க விடாதீர்கள். பார்த்த கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும், அதுவும் பாடம்தான்.

ஏன் உச்சியில் மட்டும் இந்தக் கல் என்று கேட்பார்கள். டீத்தூளில் திரும்பத் திரும்பத் தண்ணீர் ஊற்றினால் சாறு இறங்கிச் சக்கை நிற்கும் அல்லவா, அதுபோல எண்ணமுடியாத காலம் மழை பெய்து கருங்கல்லில் கரைவதெல்லாம் கரைந்து போய், கரையாத அலுமினியமும் இரும்பும் தங்கிவிட்டன. இரும்பு துருப்பிடித்ததால் சிவப்பு. இந்த ஏற்காட்டுப் பாக்சைட் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போயிருக்கிறது. ஒரு அலுமினியக் கிண்ணத்தைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வையுங்கள்.

சுத்தியல் கொண்டுபோக வேண்டாம். உடைக்க வேண்டியதை நீங்கள் வீட்டிலேயே, கோணியில் சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு உடையுங்கள். வெங்கச்சாங்கல் தூள் மூச்சில் போகக் கூடாது, கல்லை நனைத்துக்கொண்டு உடைப்பது நல்லது. கருப்பூர்ப் பக்கத்துக் கல்லில் நார் நாராகப் பிரிவது கிடைத்தால் உடைக்கவும் தேய்க்கவும் வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள்.

கல்லும் மண்ணும்

மூன்று வகைப் பாறையையும் பிறகு எப்படியும் கேட்பார்கள் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். சாக்லேட்டை உருக்கி "இதுதான் உருமாறிய பாறை" என்று காட்டும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. அது தவறு. உருகிவிட்டால் அது தீப்பாறை. உருமாறிய பாறை உருகாமலே, சூட்டிலும் அழுத்தத்திலும் உள்ளே ஒழுங்கு மாறியது.

சப்பாத்தி மாவு ஒரு உருண்டை, அதில் ஒரு கைப்பிடி கெட்டி அவல். கலந்ததும் கத்தியால் வெட்டிக் காட்டுங்கள், அவல் எல்லாப் பக்கமும் தாறுமாறாக நிற்கும். இன்னொரு உருண்டையைப் பலகைக்கு அடியில் வைத்து விரல் கனத்துக்கு அழுத்தி, பிறகு வெட்டுங்கள். அவல் எல்லாம் படுத்துக்கொண்டு கோடுகோடாகத் தெரியும். வரிவரியாக இருக்கும் கல் எப்படி ஆனது என்பதற்கு இதைவிட நேர்மையான விளக்கம் கிடையாது. அவலை நனைக்காமல் போடுங்கள், ஊறினால் மாவோடு கரைந்து கோடு தெரியாது.

நாட்டு மருந்து

படிகம் வளர்ப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், 500 ரூபாயில் 50 கூட ஆகாது. நாட்டு மருந்துக் கடைப் படிகாரம் 30 கிராம் பொடித்து, 100 மில்லி வெந்நீரில் கரைத்து, துணியில் வடிகட்டி ஒரு இரவு அசைக்காமல் வையுங்கள். காலையில் அடியில் சின்னச் சின்னப் படிகம் இருக்கும். தெளிந்த நீரை வேறு டம்ளருக்கு மாற்றி, நல்ல வடிவான ஒரு படிகத்தை மட்டும் மெல்லிய நைலான் நூலில் கட்டித் தொங்கவிட்டு, மேலே தாள் மூடி வையுங்கள். ஒரு வாரத்தில் எட்டு முகம் தெரியும் அளவுக்கு வளரும்.

கெடுவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். பருத்தி நூல் போட்டால் நூல் முழுக்கப் பொடிப் படிகம் ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று நம் ஊர் வெயில்: ராத்திரி வளர்ந்த படிகம் சித்திரை மத்தியானச் சூட்டில் திரும்பக் கரையும், ஏனென்றால் சூடான நீர் இன்னும் அதிகப் படிகாரத்தை வாங்கிக்கொள்ளும். டம்ளரைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து அலமாரியின் அடித்தட்டில் வையுங்கள், ஜன்னலோரம் வேண்டாம். கோடை வகுப்பு என்றால் ஆடி வரை தள்ளிப்போட்டாலும் சரிதான்.

அம்மாபேட்டை டீச்சர்

எல்லாம் குறித்துக்கொண்டேன். முதல் வகுப்பு இந்த வெள்ளிக்கிழமை, தட்டுக்கு எட்டுக் கல் என்றால் மொத்தம் 48 வேண்டும், 31 சேர்ந்துவிட்டது. சங்ககிரிச் சுண்ணாம்புக்கல்தான் கிடைக்கவில்லை, அதற்குப் பதில் என்ன வைக்கலாம்?

ஓமலூர்ப் படிகம்

தரைக்குப் போடும் வெள்ளை மார்பிள் வெட்டுத்துண்டு, மார்பிள் கடையில் சும்மாவே தருவார்கள். சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அதே கால்சைட் கனிமம்தான் பல மார்பிளிலும், ஆனால் சில வெள்ளை மார்பிள் டோலமைட் என்னும் வேறு கனிமம், அது வினிகருக்குச் சரியாகப் பொங்காது, முதலில் சோதித்துவிடுங்கள். பாலிஷ் போட்ட பக்கத்தை விட்டு, வெட்டிய ஓரத்தில் சொட்டு விடுங்கள். வாங்கும்போதே ஆணியால் ஒருமுறை கீறிப் பாருங்கள். கீறாவிட்டால் அது மார்பிள் மாதிரி செய்த டைல்ஸ்.